சேத்துக்கு வெயில் படக்கூடாதாம் – வன்னியில அஞ்சு நாள்

2024 ஆகஸ்ட் 8, வியாழன் – மாங்குளம், ஒட்டுசுட்டான்

முதல்லயே சொல்லிப்போடுறன், இது சுற்றுலா இல்ல. அக்காவின்ர மகள் துளசி கடைசி வருசம் புவியியல் படிக்கிறாள். ஆய்வுக்கு முல்லைத்தீவுக் கரையில சேறு எடுக்கவேணுமாம், கூடப் போக இருந்த பெடியன் காய்ச்சலில விழுந்திட்டான், "நீ தானே லீவு எடுக்காமச் சேத்து வைச்சிருக்கிறாய், பிள்ளையோட போய் வா" எண்டு அக்கா ஒரே பிடி. எனக்குக் கணக்கெழுதுற வேலை, வயசு 54, நாரிப்பிடிப்பு வேற. சேறு சுமக்க நல்ல ஆள்.

சாமான் இவ்வளவும்: மூண்டு இஞ்சி பிவிசி பைப் ஒண்டரை மீற்றர் நீளத்தில நாலு, பெரிய சுத்தியல், மரக்குத்தி, கயிறு, கறுப்புப் பொலித்தீன் ஒரு றோல், இரும்பில அரைக்குழாய் மாதிரி ஒரு துளைகருவி. யாழ்ப்பாணத்தில வவுனியா பஸ் ஏறினா உள்ளுக்கு முழுக்க மடுத் திருவிழாச் சனம். கொண்டக்டர் பைப்பைப் பாத்திட்டு "இவையளுக்கும் ரிக்கெற் எடுங்கோ ஐயா" எண்டார், பகிடி எண்டு நினைச்சன், உண்மையாவே 200 ரூவா வாங்கினார். ஆனா கிளாலிப் பக்கத்து அம்மா ஒருத்தி செபமாலையைக் கையில சுத்திக்கொண்டு ரெண்டு பைப்பைத் தன்ர மடியில வாங்கி வைச்சிருந்தா, மாங்குளம் வரைக்கும் இறக்கவே விடேல்ல. "தண்ணி லைன் போடவோ தம்பி?" எண்டு கேட்டா. "இல்லையம்மா, சேறு எடுக்க" எண்டன். அதுக்குப் பிறகு என்னோட கதைக்கேல்ல.

எனக்கும் அதே கேள்விதான். சேத்தில என்ன கிடக்கு? துளசி திருப்பி என்னைக் கேட்டாள், "மாமா, இந்த நாட்டில மழையையும் காத்தையும் அளந்து எழுதின கணக்கு எவ்வளவு காலத்துக்கு இருக்கும்?" எனக்கென்ன தெரியும். நல்லா இருக்கிற இடத்தில நூற்றைம்பது வருசம் மட்டில எண்டாள், வன்னியில சண்டைக் காலத்தில அதுவும் எழுதாமப் போன இடங்கள் இருக்கு. ஐநூறு வருசத்துக்கு ஒருக்கா வாற பெரிய புயலோ சுனாமியோ அந்த நூற்றைம்பதுக்குள்ள வராமலே விட்டிடலாம், அப்ப "இஞ்ச அப்பிடி ஒண்டும் வராது" எண்டு எழுதிப்போட்டு வீடும் பள்ளிக்கூடமும் கட்டுவினம். அதனாலதான் மனுசன் எழுதாத இடத்தில தேடுறதாம், சேறு, மரம், பவளப்பாறை, குகை. மலைநாட்டு ஹோட்டன் சமவெளியில தேங்கிக் கிடக்கிற கரி மண்ணுக்குள்ள 24,000 வருசத்து மழை வெயில் கதை இருந்திருக்கு, பூக்களின்ர மகரந்தத்தை வைச்சே வாசிச்சிருக்கினம். வன்னி மாதிரிக் காயுற இடத்தில அந்த மண் தங்காது, அதனால கடற்கரைச் சதுப்புக்குத்தான் போகவேணும்.

மாங்குளத்தில சாப்பாடு, குத்தரிசிச் சோறு, கத்தரிக்காய், மரை இறைச்சி எண்டு சொல்லி மாட்டிறைச்சி (நான் கேட்டனான், முதலாளி சிரிச்சார்), 450 ரூவா. வெயில் எண்டா அப்பிடி ஒரு வெயில். சோளகக் காத்து புழுதியை அள்ளிச் சோத்துக்குள்ளயே போடுது.

ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட துளசியின்ர சிநேகிதி வீட்டில தங்கல். அந்தப் பிள்ளையின்ர அப்பப்பாவுக்கு எண்பது வயசு, முந்தி குளத்தில துருசு (மதகு) திறக்கிற வேலை பாத்தவர். பின்னேரம் குளக்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். குளம் வத்தி நடுவில மட்டும் கொஞ்சத் தண்ணி, மிச்சமெல்லாம் பாளம் பாளமா வெடிச்சு, வெடிப்புக்குள்ள எருமைக் குளம்பு அச்சு காஞ்சு கிடக்குது. "57 மார்கழி வெள்ளத்தில தண்ணி இஞ்சை மட்டும் நிண்டது" எண்டு வான் சுவரில ஒரு வெட்டைக் காட்டினார். அவருக்கு அப்ப பதின்மூண்டு வயசு. பிறகு 64 புயல். பாலை மரமெல்லாம் அடியோட போச்சுதாம், விடிய வெளியில வந்து பாத்தா தூரத்து வீடெல்லாம் தெரிஞ்சுதாம், முந்தி மரம் மறைச்சு நிண்ட வீடுகள். அதே புயல்தான் அங்கால போய்த் தனுஷ்கோடியை இல்லாமப் பண்ணினது.

துளசிக்கு ஒரே சந்தோசம், குளத்துக்குள்ள இறங்கித் துளைகருவியைக் குத்தினாள். வெள்ளம் வந்த வருசம் பரும்மண் படியும், வறண்ட வருசம் வேற மாதிரி, அப்பிடி அடுக்கடுக்கா இருக்கவேணுமாம். வந்தது ஒரே கலவை, நடுவில ஒரு ஓட்டுத் துண்டும். அப்பப்பா கட்டில நிண்டு சிரிக்கிறார். "பிள்ளை, உந்த வண்டலை நாங்கள் வண்டில்ல அள்ளி வயலுக்குப் போட்டனாங்கள். பிறகு டோசர் விட்டுத் தூர் எடுத்தவங்கள். உதுக்குள்ள என்ன தேடுறாய்?" உண்மைதானே, குளத்தை நல்லாப் பாத்த ஊரில குளத்துச் சேத்தில கதை மிஞ்சாது.

மர வளையத்தைப் பற்றி நான் கேட்டன், ஏதோ படிச்ச ஞாபகம். பனைக்கு அப்பிடி ஆண்டு வளையம் இல்லவே இல்லையாம், அது மரமில்ல புல்லின்ர சொந்தம். வன்னியில வளையம் ஒழுங்கா விடுறது தேக்கு, ஆனா முள்ளியவளைத் தேக்கங்காடு ஆக்கள் நட்டது, அது அப்பப்பாவுக்கு வயசால தம்பிதான் வரும்.

ராத்திரிப் புட்டும் எருமைத் தயிரும். சாப்பிட்டிட்டுக் கிணத்தடிக்குப் போக வெளிக்கிட "நில்லுங்கோ" எண்டு இழுத்துப் பிடிச்சினம், வேலிக்கு அங்கால யானை. வெடி கொளுத்திப் போட்டாங்கள், அது அசையேல்ல. ஒண்டரை மணித்தியாலம் கை காஞ்சுபோய் இருந்தன், தயிர் ஒட்டினபடி.

ஆகஸ்ட் 9, வெள்ளி – முல்லைத்தீவு, வற்றாப்பளை

இண்டைக்கு நாள் நாசம். துளசி நாயாத்துப் பக்கம் துளைக்க அனுமதி கேட்டு ரெண்டு மாசத்துக்கு முதல் எழுதினவள். அலுவலகத்தில தந்த கடிதத்தில நந்திக்கடல் எண்டு போட்டிருக்கு. ரெண்டும் வேற வேற களப்பு, இடையில எவ்வளவு தூரம்! மாத்தித் தாங்கோ எண்டால், கையெழுத்துப் போடுறவர் லீவு, திங்கள் வாங்கோ. விறாந்தை வாங்கில பத்தில இருந்து ரெண்டு மணி மட்டும் காவல். அங்க வேலை செய்யிற ஒரு பிள்ளை மனமிரங்கித் தன்ர பிளாஸ்கில இருந்து ரீ ஊத்தித் தந்துது. கடிதம் மாறேல்ல. நந்திக்கடலும் நாயாறும் 2017 இல இருந்து பாதுகாத்த இயற்கை ஒதுக்கிடம், கடிதம் இல்லாமக் கை வைக்கேலாது, துளசி அதில கண்டிப்பு. "சும்மா போய் ரெண்டு குத்து குத்துவம், ஆர் பாக்கிறது" எண்டு நான் சொன்னதுக்கு முறைச்சாள்.

எங்களை ஏத்தின ஓட்டோத் தம்பிக்குப் பைப்புகளில ஒரு கண். முழுக்கதையும் கேட்டுப்போட்டு, "எங்கட பெரியம்மாவின்ர காணி அளம்பில் தாண்டி இருக்கு, சொந்தக் காணி, கரையில இருந்து ஒரு நானூறு யார் தூரம் உள்ளுக்கு, மாரியில தண்ணி நிக்கும், உப்பு மண், ஒண்டும் விளையாது, அதில துளைச்சா என்ன?" எண்டான். துளசி போனில மேல இருந்து எடுத்த படத்தைப் பாத்தாள். கடற்கரை மணல் மேடு, அதுக்குப் பின்னால பள்ளம். நாங்கள் தேடினதே அதுதானாம், கடல் சும்மா நாளில எட்டிப்பாக்க ஏலாத, ஆனா பெருசா வந்தா மேட்டைத் தாண்டி மணலைக் கொண்டுவந்து கொட்டிப்போட்டுப் போற பள்ளம். கண்ணிவெடி? எடுத்துத் துப்புரவாக்கிக் குடுத்த காணி, பத்து வருசமா மாடு மேயுது எண்டான். சரி, நாளைக்கு.

மிச்ச நேரம் கிடந்தபடியா பின்னேரம் வற்றாப்பளை. கண்ணகை அம்மன் கோயில் நந்திக்கடல் ஓரத்தில, ஆளில்லை, காத்து மட்டும். வைகாசிப் பொங்கலுக்கு உப்புத் தண்ணியில விளக்கெரியிற கோயில். வட்டுவாகல் பாலத்தால வரேக்க ஓட்டோவை நிப்பாட்டச் சொன்னன். அதில நிண்டு தண்ணியைப் பாத்தா எல்லாருக்கும் 2009 தான் ஞாபகம் வரும், எனக்கும் வந்துது, நான் அதை இதில எழுதேல்ல.

மாரியில பேராத்து வெள்ளம் நந்திக்கடலை நிரப்பி, மணல் தடுப்பை உடைச்சுக்கொண்டு கடலுக்குப் பாயும், பிறகு கடல் திரும்ப மணலைப் போட்டு மூடும். தொடுவாய் எண்டு சொல்லுறது அதைத்தான். இப்பிடி வருசா வருசம் திறந்து மூடுற இடத்தில எடுத்த மணல் எதைச் சொல்லும் எண்டு பிடிக்கேலாதாம். அலுவலகம் தந்த கடிதத்தோட இஞ்ச துளைச்சிருந்தா அதுவும் வீண்தான்.

இரவு தங்கின இடத்தில ஒரு அறைக்கு 3,000, காத்தாடி சுத்தேக்க ஆளைவிடப் பெரிய சத்தம். நித்திரை வராமல் துளசி சொன்ன வெளவால் கதைதான் இந்தப் பயணத்தில எனக்குப் பிடிச்ச கதை. சுமாத்திராவில ஆச்சே கரையில ஒரு குகை. வாசல் கொஞ்சம் உயரம், சாதாரண அலை ஏறாது, சுனாமி வந்தாத்தான் கடல்மணல் உள்ளுக்குப் போகும். ரெண்டு சுனாமிக்கு நடுவில வெளவால் எச்சம் போட்டுக்கொண்டே இருக்கும். ஆக, மணல், எச்சம், மணல், எச்சம். வெட்டிப் பாத்தா பதினொரு மணல் அடுக்கு, 7,400 வருசத்துக்கு முந்தினதில தொடங்கி 2,900 மட்டும். 2017 இல வந்த ஆய்வு. அதில விசயம் என்னெண்டா ஒழுங்கே இல்லையாம். ஒரு இடத்தில ரெண்டாயிரம் வருசத்துக்கு மேல ஒண்டுமே இல்ல, இன்னொரு இடத்தில ஒரே நூற்றாண்டுக்குள்ள திரும்பத் திரும்ப வந்திருக்கு.

கணக்குக்காரனுக்கு இது பிடிக்காது. சராசரி எடுத்துச் சொல்லேலாதோ எண்டன். "எடுக்கலாம் மாமா, ஆனா அந்தச் சராசரியை நம்பி வீடு கட்டுவீங்களோ?"

ஆகஸ்ட் 10, சனி – அளம்பிலுக்கு அங்கால

விடிய ஆறு மணிக்கு பாண், சம்பல், பிளேன்ரீ, ரெண்டு பேருக்கும் 260. பெரியம்மாவின்ர வீட்டில இறங்கினா அவ எங்களுக்காக இடியப்பம் அவிச்சு வைச்சிருக்கிறா. திரும்பச் சாப்பிட்டம், வேற வழியில்ல.

இனி சேறு எடுக்கிற விதம். பைப்பின்ர ஒரு வாயை அரத்தால சீவிக் கூராக்கிறது. நேரா நிப்பாட்டி, மேல மரக்குத்தியை வைச்சு, குத்தியில சுத்தியலால அடிக்கிறது. முதல் அரை மீற்றர் வெண்ணெய் மாதிரிப் போகும், பிறகு ஒவ்வொரு அடிக்கும் ஒரு விரற்கடை. நான் நூற்றிப் பன்னிரண்டு அடி எண்ணினன். இறங்கினபிறகு பைப்புக்குள்ள சேறு எவ்வளவு கீழ போயிருக்கு, வெளியில நிலமட்டம் எங்க எண்டு ரெண்டையும் அளக்கவேணும், அடியில சேறு அமுங்கும், அமுங்கினதைக் கழிக்காட்டில் ஆழக் கணக்கெல்லாம் பிழைக்கும் (இந்த இடத்தில நான் உசாரானன், இது என்ர வேலை). மேல மிஞ்சின இடத்துக்குத் தண்ணி நிரப்பி மூடியை இறுக்கிறது, அந்த உறிஞ்சல்லதான் இழுக்கேக்க சேறு நழுவாது. பிறகு கயிறு கட்டி மூண்டு பேர் இழுவை. முதல் பைப் வரவே இல்ல. ஓட்டோத் தம்பி போய் வாடியில நிண்ட மீன்பிடி ஆக்களைக் கூட்டிக்கொண்டு வந்தான். சிலாபம் பக்கத்தில இருந்து சீசனுக்கு வந்த ரெண்டு பேர், தமிழ் கொஞ்சம், "ஏலேலோ" மட்டும் வடிவா. ஒரே இழுவை, பைப்போட நானும் சேத்துக்குள்ள. எல்லாரும் சிரிச்சு முடிய எனக்கு ஒரு பீடி தந்தாங்கள். குடிச்சு இருபது வருசம், குடிச்சன்.

பைப்பை அங்க வெட்டக்கூடாதாம், அது ஆய்வுகூடத்துக்கு. உள்ளுக்கு இருக்கிற மணல் கடைசியா எப்ப வெளிச்சம் பாத்தது எண்டு அளக்கிற முறை ஒண்டு இருக்கு. மணல் மணிக்குள்ள இருட்டில கிடந்த காலம் சேந்துகொண்டே இருக்குமாம், கொஞ்ச நேரம் வெயில் பட்டாலே அழிஞ்சிடும். அதனாலதான் கறுப்புப் பொலித்தீன், மூண்டு சுத்து. நாங்கள் கண்ணால பாக்கிறதுக்குப் பக்கத்தில துளைகருவியைக் குத்தி எடுத்தாள்.

அதை நிலத்தில கிடத்தி கத்தியால மேற்பக்கத்தை வழிச்சுவிட்டாள். எனக்கு இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது. மேல வேர் பின்னின கறுப்பு மண். 28 சென்ரிமீற்றரில திடீரெண்டு வெள்ளை மணல், நாலு விரல் மொத்தம். கீழ்க்கோடு கத்தியால வெட்டின மாதிரி, மேல போகப் போக மணல் நைஸாகிக் கறுப்போட கலக்குது. அதுக்குக் கீழ சாம்பல் களி, அழுகின முட்டை மணம். அந்த மணலுக்குள்ள ஒரு பச்சைப் பிளாஸ்ரிக் துண்டு, துளசி இடுக்கியால எடுத்தாள், கழுவினாள். சின்னப் பிள்ளையின்ர சீப்பு, ரெண்டு பல்லு மட்டும்.

ஒருத்தரும் கொஞ்ச நேரம் கதைக்கேல்ல.

"சுனாமிதானே?" எண்டன் நான். "பிளாஸ்ரிக் இருக்கிறபடியா பழசில்ல எண்டு மட்டும் சொல்லலாம். 2004 ஆ இருக்கலாம், 2020 புரெவிப் புயலா இருக்கலாம், டோசர் தள்ளின மணலாவும் இருக்கலாம்" எண்டாள். எனக்குக் கோவமே வந்துது, கண்ணுக்கு முன்னால கிடக்குது, இவள் வழக்கறிஞர் மாதிரி இழுக்கிறாள். புயல் கொண்டுவாற மணல் கரைக்குக் கிட்டவே நிண்டிடும், சுனாமி மணல் மெல்லிசா கனதூரம் உள்ளுக்குப் போகும், அதனால ஒரு துளை காணாது, கடலில இருந்து உள்ளுக்கு ஒரே கோட்டில அஞ்சு துளை போட்டுப் பாக்கவேணும். ஒரு துளையில தெரியிறது நண்டு வளைக்குள்ள சொரிஞ்ச மணலாக்கூட இருக்கலாம். மேல்மண்ணின்ர வயசுக்கு இன்னொரு வழியும் இருக்கு. அணுகுண்டுப் பரிசோதனைத் தூசி உலகம் முழுக்க விழுந்தது, 1963 மட்டில உச்சம், அது சேத்தில ஒரு கோடு மாதிரி நிக்கும். ஒட்டுசுட்டான் அப்பப்பாவின்ர 64 புயலுக்கு ஒரு வருசம் முன்னால! அவருக்குச் சொல்லவேணும் எண்டு நினைச்சன்.

அதே துளையில கீழ 1 மீற்றர் 12 இல இன்னொரு மணல் அடுக்கு. சிப்பித் தூளோட. பிளாஸ்ரிக் ஒண்டும் இல்ல. துளசி அதைப் பாத்திட்டுப் பேசாம இருந்தாள், கொப்பியில எழுதேக்க கை கொஞ்சம் நடுங்கினது. ஒண்டும் சொல்லமாட்டாளாம், நுணுக்குக்காட்டியில கடல் உயிரிகளின்ர ஓடு இருக்கோ எண்டு பாத்து, மணலுக்கு உடன கீழ கிடக்கிற இலை, விதை ஏதாவது எடுத்து அதின்ர கரியை அளந்து வயசு கணக்குப் பாத்தபிறகுதான்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு – பெரியம்மா

அஞ்சு துளையும் இண்டைக்கு முடிஞ்சுது. மேல் மணல் அஞ்சிலயும் இருக்கு, உள்ளுக்குப் போகப் போக மெலிஞ்சு கடைசித் துளையில விரல் நகம் மொத்தம். கீழ் மணல் மூண்டில இருக்கு, ஒண்டில இல்ல, ஒண்டில துளைகருவி கல்லில முட்டி நிண்டுபோச்சு. என்ர கை ரெண்டும் கொப்பளம்.

மத்தியானம் பெரியம்மா நண்டுக்கறி வைச்சா. முருங்கையிலை போட்ட, உறைப்பெண்டால் கண்ணால தண்ணி ஓடுற கறி, பால்ச்சொதி, குத்தரிசி. காசு குடுக்கப் போக, "சேத்தை வித்தே காசு தாறியள்?" எண்டு கேட்டா. சாப்பிட்டு முடிய விறாந்தையில இருந்து கதை. 2004 மார்கழி 26 ஞாயித்துக்கிழமை, பூசைக்குப் போக வெளிக்கிட்ட நேரம். சுமாத்திராவில நிலம் ஆடி ரெண்டு மணித்தியாலம் கழிச்சுத்தான் இஞ்ச அலை வந்தது, அந்த ரெண்டு மணித்தியாலம் இஞ்ச ஒருத்தருக்கும் தெரியாது. கடல் உள்ளுக்கு இழுத்ததாம், பிள்ளையள் மீன் பொறுக்க ஓடினதாம். அவவின்ர வீட்டில மூண்டு பேர். பெயரைச் சொன்னா, நான் எழுதேல்ல. சேலை ஒண்டு பனையில தொங்கினதாம், அந்தப் பனையைக் காட்டினா, வட்டு இல்லாத மொட்டைப் பனை. "அது சுனாமியில போகேல்ல, செல்லடியில போனது" எண்டா. அவ வருசத்தை எண்ணுறது அப்பிடித்தான், சுனாமிக்கு முதல், சுனாமிக்குப் பிறகு, இடம்பெயந்தது, முகாம், திரும்பி வந்தது. வாற மார்கழியோட சுனாமிக்கு இருபது வருசம்.

பிறகு கேட்டா, "பிள்ளை, திரும்பவும் வருமோ?"

துளசி என்னைப் பாத்தாள். பஸ்ஸில நான் அவளிட்டப் படிச்ச கணக்கு ஒண்டு இருந்தது. நூறு வருசத்துக்கு ஒருக்கா எண்டு சொன்னா இப்ப வந்திட்டு, இனி நூறு வருசம் நிம்மதி எண்டு அர்த்தமில்ல, ஒவ்வொரு வருசமும் நூற்றில ஒரு பங்கு. முப்பது வருசம் ஒரே வீட்டில இருந்தா அதைக் காண நூற்றுக்கு 26 பங்கு வாய்ப்பு. ஐநூறு வருசத்துக்கு ஒருக்கா எண்டாலும் அம்பது வருசத்தில நூற்றுக்குப் பத்துப் பங்குக்குக் கிட்ட. போன் கல்குலேற்றரில நானே போட்டுப் பாத்தனான். ஆனா அந்த விறாந்தையில அதைச் சொல்ல வாய் வரேல்ல.

துளசி சுத்தி வளைக்கேல்ல. "எப்ப எண்டு சொல்லேலாது அன்ரி. ஆனா முந்தியும் வந்திருக்கு. அம்பாந்தோட்டையில கரகன் களப்பு எண்டு ஒண்டு, அதில துளைச்சுப் பாத்தவை. ஏழாயிரம் வருசத்துக்குள்ள கனதரம் கடல்மணல் உள்ளுக்கு வந்திருக்கு. தாய்லாந்தில ஒரு தீவிலயும் அறுநூறு எழுநூறு வருசத்துக்கு முந்தினது கிடக்கு. உங்கட காணியில கீழ ஒரு மணல் இருக்கு, அது என்னெண்டு இனித்தான் பாக்கவேணும்" எண்டாள்.

பெரியம்மா கொஞ்ச நேரம் ஒண்டும் பேசேல்ல. பிறகு, "ஏழாயிரம் வருசத்துக்கு முதல் இஞ்ச ஆர் இருந்தது?" எண்டு கேட்டா. ஆரும் இருந்திருப்பினம், ஆனா எங்கட ஆக்கள் எண்டு சொல்லேலாது எண்டன் நான். "அப்ப அவை என்ன பாவம் செய்தவை?"

அப்பதான் சொன்னா. அந்த நேரம் ஊருக்கு வந்த ஒருத்தர், பெரிய படிச்ச ஆள், இது உங்கட பாவத்துக்குக் கிடைச்ச தண்டனை எண்டு பிரசங்கம் வைச்சவராம். இவ அண்டைக்குக் காலமை மகளோட சண்டை பிடிச்சவ, பூசைக்குப் போகாம நிண்டதுக்கு. இருபது வருசமா அதை மனசில வைச்சிருக்கிறா. "அப்ப இது எங்களுக்கெண்டு வந்தது இல்ல. சும்மா வந்துபோற ஒண்டு" எண்டு சொல்லிக்கொண்டு எழும்பிப் போய் ரீ போட்டா. சீனி ரெண்டு மடங்கு.

எங்கட பாசையில கடல்கோள் எண்டு ஒரு பழைய சொல் இருந்தும் 2004 இல எங்களுக்கு ஜப்பான்காரன்ர சொல்லைத்தான் எடுக்கவேண்டி வந்தது. ஜப்பான்காரனும் பெரிய திறமில்ல, செண்டாய் வயலுக்குள்ள 869 ஆம் ஆண்டு அலை போட்ட மணல் கிடக்கு எண்டு ஆய்வாளர்மார் முந்தியே சொல்லி இருந்தும் 2011 இல என்ன நடந்தது எண்டு தெரியும்தானே. துளசி சொல்லேக்க நான் கொப்பளத்துக்கு எண்ணெய் பூசிக்கொண்டு இருந்தன்.

ஆகஸ்ட் 12, திங்கள் – வீட்டுக்கு

கடைசி நாள்தான் சோதனை. பஸ்ஸைச் செக்பொயின்ற்றில மறிச்சாங்கள். கறுப்புப் பொலித்தீன் சுத்தின ஒண்டரை மீற்றர் குழாய் நாலு, அதுவும் முல்லைத்தீவில இருந்து! எனக்கு வயிறு கலங்கினது, இருபது வருசத்துக்கு முந்தின பயம் அப்பிடியே வந்து நிண்டுது. இறங்கச் சொன்னாங்கள், பஸ் முழுக்க எங்களைப் பாக்குது. அவிழ்க்கச் சொன்னாங்கள். துளசி "ஏலாது, வெயில் படக்கூடாது" எண்டாள். எனக்கு அவளை அடிக்கலாம் போல இருந்துது.

என்ர சிங்களம் கடையில சாமான் வாங்கிற அளவுதான். "மட, மட" எண்டன். சேறுக்கு அதுதான் சொல். "மட?" எண்டான் பெடியன், இருபத்திரண்டு வயசிருக்கும், நம்பேல்ல. துளசி யோசிச்சுப்போட்டுச் சொன்னாள், பைப்பின்ர ரெண்டு வாயிலயும் ஒரு இஞ்சி எப்பிடியும் கழிச்சு எறியிறதுதான், அதில மூடியைக் கழட்டிப் பாக்கட்டும். கழட்டினான். விரலை விட்டான். மூக்கில வைச்சான். அழுகின முட்டை. "அப்போய்!" எண்டு தலையைத் திருப்பிப்போட்டுச் சிரிச்சான், மற்றவனைக் கூப்பிட்டு அவனையும் மணக்க வைச்சான். பிறகு தானே மூடியை இறுக்கி, பொலித்தீனைச் சுத்தி, பஸ்ஸுக்குள்ள தூக்கி வைச்சான். பதினைஞ்சு நிமிசம் பிந்தினதுக்கு டிரைவர் பரந்தன் மட்டும் புறுபுறுத்துக்கொண்டு வந்தார்.

பரந்தனில பாலைப்பழம் வித்துக்கொண்டு நிண்டாங்கள், சீசன் முடிவு, ஒரு சுண்டு 200. வாய் முழுக்க ஒட்டினதோட வீட்டுக்கு வந்து சேந்தம்.

துளசியின்ர ஆய்வுகூடத்துக் குளிரறை வியாழன்தான் திறப்பினமாம். அதுமட்டும் சேறு காயக்கூடாது, குளிர்ல கிடக்கவேணும், வெளிச்சமும் படக்கூடாது. அக்கா வீட்டு பிறிட்ஜ் சின்னன். ஆக, எங்கட வீட்டுப் பெரிய பிறிட்ஜில தட்டெல்லாம் கழட்டி நாலு பைப்பும் குறுக்கால சாய்ச்சு வைச்சாச்சு, உள்ளுக்கு எரியிற பல்ப்பையும் கழட்டினது நான்தான். மனுசி நாளைக்கு விலைமீன் ரெண்டு கிலோ சொல்லிவைச்சவவாம். அதை எங்க வைக்கிறது எண்டு கேட்டுக்கொண்டு நிக்கிறா.